படம் சொல்லாத மீதிக் கதை

போர்களைப் பற்றிப் படித்தவற்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எந்த ஆண்டில் எந்தப் படை எந்த நகரைப் பிடித்தது என்று கேட்டால், பள்ளியில் சரித்திரப் பாடத்தில் நன்கு தேறியவர்களும் தடுமாறுவர். ஆனால் ஒருமுறை பார்த்த போர்க்காலப் படம் மனத்தை விட்டு அகல்வதில்லை. குன்றின் உச்சியில் கொடி நாட்டும் வீரர்கள், சாலையில் அலறியோடி வரும் சிறுமி, இறந்த தம்பியை முதுகில் சுமந்து நிற்கும் சிறுவன் ஆகியோரின் படங்களில் ஒன்றையேனும் காணாதவர் நம்மில் அரியர். கண்டவுடன், "இதுதான் நடந்தது" என்று நம்பிவிடுகிறோம். அடியில் அச்சிட்டுள்ள ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அந்த ஒரு வரி பல வேளைகளில் தவறாக இருந்திருக்கிறது. வரி சரியாக இருந்தாலும், படத்தில் இருப்பவர் யார், முந்திய நிமிடத்தில் என்ன நடந்தது, பிந்திய ஆண்டுகளில் அவர் என்ன ஆனார் என்பதை அது சொல்வதில்லை. இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்டறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

காமிராவைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்ற முன்னோடிகளுள் ஒருவர் ரோஜர் பென்டன் என்னும் ஆங்கிலேயர். 1855-ஆம் ஆண்டு, கிரிமியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் துருக்கியரும் சேர்ந்து ரஷ்யரோடு பொருதுகொண்டிருந்தபோது, மது வணிகர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு அவர் அங்குச் சென்றார். அக்காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, அதன் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளாகவே கழுவியும் முடிக்க வேண்டும். ஒரு படத்துக்குப் பல வினாடிகள் பிடிக்கும். ஓடும் குதிரையையோ வெடிக்கும் குண்டையோ அதில் பதிக்க இயலாது. ஆகவே அவர் எடுத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சண்டை என்பதே இல்லை. அமர்ந்திருக்கும் தளபதிகளும், கூடாரங்களும், நின்றுகொண்டிருக்கும் கப்பல்களுமே உள்ளன.

அவற்றுள் ஒன்று மட்டும் இன்றளவும் பேசப்படுகிறது. வெறிச்சோடிய ஒரு பள்ளத்தாக்கு, அதனூடே செல்லும் பாதை, பாதை நெடுகப் பீரங்கிக் குண்டுகள். மனிதர் ஒருவர்கூட இல்லை. திருப்பாடலை நினைவூட்டும் வகையில் 'மரண நிழல் பள்ளத்தாக்கு' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆனால் அதே இடத்தில் நின்று அவர் எடுத்த மற்றொரு படமும் உண்டு. அதில் குண்டுகள் பாதையோரத்திலும் பள்ளத்திலும் கிடக்கின்றன. பாதை சுத்தமாக இருக்கிறது! குண்டுகளைப் பாதையில் பரப்பிவைத்து எடுத்தார்களா, அல்லது பாதையில் கிடந்தவற்றைப் படைவீரர்கள் அகற்றிய பிறகு எடுத்தார்களா என்று வல்லுநர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 2007-ஆம் ஆண்டு எரோல் மோரிஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். முடிவில் வழக்கைத் தீர்த்துவைத்தவை பீரங்கிக் குண்டுகள் அல்ல, சரிவில் கிடந்த சிறு கற்கள். ஒரு படத்தில் மேலே இருக்கும் கற்கள், குண்டுகள் பரவிய படத்தில் சற்றுக் கீழே உருண்டு கிடக்கின்றன. கற்கள் தாமாகச் சரிவில் ஏறுவதில்லை அல்லவா? எனவே பாதை சுத்தமாயிருந்த படமே முந்தியது. குண்டுகள் பின்னர் வைக்கப்பட்டன என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

குண்டுகளை நகர்த்தியதைக்கூட நாம் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நகர்த்தப்பட்டது ஒரு மனித உடல். 1863-ஆம் ஆண்டு ஜூலையில், கெட்டிஸ்பர்க் போர் ஓய்ந்த சில நாட்களில், அலெக்சாண்டர் கார்ட்னரும் அவருடைய துணைவர்களும் பிணங்கள் கிடந்த அக்களத்தில் படமெடுத்தனர். பாறைகளுக்கிடையே கற்களை அடுக்கிய ஒரு மறைவிடம். அதனுள் மல்லாந்து கிடக்கும் தென்னாட்டு இளம் வீரன். சுவரில் சாத்தியிருக்கும் துப்பாக்கி. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரன் ஒருவனின் இறுதி இருப்பிடம் என்று கார்ட்னர் 1866-இல் வெளியிட்ட நூல் இதனை வருணித்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் அனைவரும் அதை நம்பினர். வில்லியம் பிராசனிட்டோ என்ற ஆய்வாளர் பழைய படங்களைக் கையில் ஏந்தி அக்களம் முழுவதும் நடந்து, 1975-இல் உண்மையை வெளியிட்டார். அதே இளைஞனின் உடல் வேறோரிடத்தில் கிடப்பதாகப் பல படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து தூக்கிவந்து பாறை மறைவில் கிடத்தி, தலையைத் திருப்பிவைத்து, துப்பாக்கியையும் சாத்தியிருக்கின்றனர். அத்துப்பாக்கி குறிபார்த்துச் சுடுவோர் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்ததும் அன்று.

போர் கொடியது என்று காட்டுவதே கார்ட்னரின் நோக்கம் என்பர். இருக்கலாம். ஆனால் தன் மகன் எங்கே எவ்வாறு விழுந்தான் என்று அறியத் துடித்த ஒரு தாய் தென்னாட்டில் எங்கோ இருந்திருப்பாள். அவளுக்கு உரிய ஒரே செய்தியை மாற்றி எழுத எவருக்கும் உரிமையில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கு நேர் எதிரான நான்கு படங்கள் உண்டு. அவற்றை எடுத்தவர்களுக்கு எதையும் அடுக்கிவைக்கும் எண்ணமும் இல்லை, நேரமும் இல்லை. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆஷ்விட்ஸ் முகாமின் பிரிவாகிய பிர்கெனௌவில், நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டோரின் உடல்களை எரிக்கும் பணி யூதக் கைதிகள் மீதே சுமத்தப்பட்டிருந்தது. அக்கைதிகள் மறைவாகப் பெற்ற ஒரு காமிராவைக் கொண்டு நான்கு படங்களை எடுத்தனர். இரண்டு, ஓர் இருண்ட அறையின் வாயிலுக்குள் ஒளிந்துநின்று எடுத்தவை. வெளியே திறந்த வெளியில் உடல்கள் எரிகின்றன. மூன்றாவதில் ஆடை களைந்த பெண்கள் மரங்களுக்கிடையே துரத்தப்படுகின்றனர். நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டுமே. கண்ணருகே வைத்துக் குறிபார்க்க முடியாமல், கையை மறைத்துப் பிடித்தவாறு எடுத்ததன் விளைவு அது. அந்தப் பிலிம் பற்பசைக் குழாய் ஒன்றினுள் ஒளித்து வெளியே கடத்தப்பட்டு, கிராக்கோவில் இருந்த போலந்து விடுதலை இயக்கத்தாரிடம் சேர்ந்தது.

பிற்காலத்தில் இப்படங்களை வெளியிட்டோர், வாயிலின் கருமை வீணான இடம் என்று எண்ணி அதனை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கினர். நம் கருத்தில் அக்கருமையே படத்தின் உயிர். அகப்பட்டால் அந்நொடியே மரணம் என்றிருந்த மனிதர்கள் எங்கே நின்றார்கள் என்பதை அதுதான் சொல்கிறது. புனித மாக்சிமிலியன் கோல்பே மற்றொருவருக்காக உயிரீந்த முகாமைப் பற்றி நாம் அறிந்திருக்கிறோம். இவர்களும் அம்முகாமின் கைதிகளே. தங்களுக்கு நேரவிருப்பதைத் தடுக்க வகையின்றி, உலகுக்கு அறிவிக்கவேனும் துணிந்தவர்கள்.

இனி, கொடி நாட்டும் படத்துக்கு வருவோம். ஜப்பானுக்குத் தெற்கே, பசிபிக் கடலில் உள்ள இவோ ஜிமா மிகச் சிறிய தீவு. 1945 பெப்ரவரி 19-ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அதில் இறங்கினர். ஏறத்தாழ ஐந்து வாரம் நீடித்த அப்போரில் அமெரிக்கர் 6,800 பேர் மாண்டனர். தீவைக் காத்துநின்ற ஜப்பானியர் சுமார் 21,000 பேருள் மிகப் பெரும்பாலோர் மடிந்தனர். 23-ஆம் நாள் சூரிபாச்சிக் குன்றின் உச்சியில் முதலில் ஒரு சிறு கொடி ஏற்றப்பட்டது. சற்று நேரங்கழித்து, தொலைவிலிருந்தும் தெரியட்டும் என்று பெரிய கொடி ஒன்றைக் கொண்டுவந்து மாற்றினர். உலகறிந்த படம் இந்த இரண்டாம் கொடியினுடையது.

படமெடுத்த ஜோ ரோசென்தால், கண்பார்வை குறைவு என்று இராணுவத்தால் தள்ளப்பட்டவர்! அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் சார்பில் அங்கு வந்திருந்தார். குள்ளமானவராகையால் கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி ஏறிநின்றார். கொடிக்கம்பம் எழும்புவதைக் கடைக்கண்ணால் கண்டு காமிராவை அழுத்தினார். படம் எப்படி வந்தது என்பது அவருக்கே தெரியாது. பிலிம் குவாம் தீவுக்கு அனுப்பப்பட்டு அங்கே கழுவப்பட்டது. சில நாட்களுக்குப் பின், "அந்தப் படத்துக்காக வீரர்களை நிறுத்திவைத்தீர்களா?" என்று ஒருவர் கேட்க, தாம் அதே இடத்தில் வீரர்களைக் கூட்டி எடுத்த வேறொரு படத்தைப் பற்றிக் கேட்பதாக எண்ணி "ஆம்" என்றுவிட்டார். படமே போலி என்ற பேச்சு அந்த ஒரு சொல்லால் எழுந்தது. அவர் சாகும்வரை அதனை மறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

படத்தில் இருப்பவர் அறுவர். ஒருவருடைய முகமும் சரியாகத் தெரியாது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவர்களைக் கண்டறிந்து நாட்டுக்கு அழைத்துவரப் பணித்தார். அதற்குள் அறுவரில் மூவர் அதே தீவில் உயிரிழந்திருந்தனர். பிழைத்தவர்கள் என்று கருதப்பட்ட மூவரும் ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டுப் போர்க் கடன் பத்திர விற்பனைக்குப் பயன்படுத்தப்பட்டனர்.

இதற்கிடையே டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்லகோ என்னும் சிற்றூரில் ஒரு தாய் நாளேட்டைப் பார்த்தாள். கம்பத்தின் அடியில் குனிந்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீரனைச் சுட்டி, "இவன் நம் ஹார்லன்" என்றாள். முகமே தெரியாதபோது எப்படிச் சொல்ல முடியும் என்று வீட்டார் மறுத்தனர். தன் பிள்ளையைத் தனக்குத் தெரியும் என்பதே அவள் பதில். ஹார்லன் பிளாக் மார்ச் முதல் நாளன்று இறந்துபோன செய்தி பின்னர் அவ்வீட்டுக்கு வந்தது. அரசு வெளியிட்ட பட்டியலிலோ அவ்விடத்தில் ஹாங்க் ஹேன்சன் என்ற வேறொருவரின் பெயர் இருந்தது. தாய் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

உண்மையை அறிந்த ஒருவர் இருந்தார்: அறுவருள் ஒருவராகிய ஐரா ஹேஸ். அரிசோனாப் பாலைநிலத்தைச் சேர்ந்த பீமா என்னும் அமெரிக்கப் பழங்குடியினர். பட்டியலில் பிழை இருப்பதை அவர் அப்போதே மேலதிகாரியிடம் கூறினார். பெயர்கள் வெளியாகிவிட்டன, பேசாதிருக்கவும் என்று பதில் வந்தது. மனச்சாட்சி அவரை விடவில்லை. 1946-இல் வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டு ஏறியும் நடந்தும் ஆயிரம் மைலுக்கும் அதிகமான தொலைவைக் கடந்து ஹார்லனின் தந்தையைச் சந்தித்து நடந்ததைச் சொன்னார். மறு ஆண்டே பெயர் திருத்தப்பட்டது. தாய் கண்டது சரியாயிற்று. புகழைச் சுமக்க இயலாமல் மதுவில் வீழ்ந்த ஹேஸ் 1955-இல் தம் 32-ஆம் வயதில் இறந்தார்.

கதை அத்துடனும் முடியவில்லை. 2016-இல், படத்தில் ஜான் பிராட்லி இல்லை, அறுவருள் ஒருவர் ஹெரால்டு ஷுல்ட்ஸ் என்றும், 2019-இல், ரெனே காக்னன் என்று கருதப்பட்டவர் ஹெரால்டு கெல்லர் என்றும் கடற்படைப் பிரிவு அறிவித்தது. தலைக்கவசத்தின் வார், இடைக்கச்சில் தொங்கும் பொருள், விரலில் உள்ள மோதிரம் போன்றவற்றைப் பிற படங்களோடு ஒப்பிட்டு இம்முடிவுகள் எட்டப்பட்டன. ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 1995-இல் காலமானவர். உலகின் மிகப் பெயர்பெற்ற படமொன்றில் தாம் இருப்பதை ஊருக்கு அறிவிக்காமலே வாழ்ந்து முடித்தார்.

எடுக்கப்படாத படங்களைப் பற்றியும் ஒரு சொல். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீழ்ந்தபோது, யோஷித்தோ மட்சுஷிகே என்னும் பத்திரிகைப் படக்காரர் வெடித்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் தம் வீட்டில் இருந்தார். சிதறிய கண்ணாடித் துண்டுகள் உடலில் தைத்திருக்க, இடிபாடுகளிலிருந்து காமிராவைத் தோண்டியெடுத்து நகரை நோக்கி நடந்தார். மியூக்கிப் பாலத்தருகே தோல் உரிந்து தொங்க மாணவ மாணவியர் கூட்டமாக அமர்ந்திருந்தனர். காமிராவை உயர்த்தவே அவரால் இயலவில்லை. இருபது நிமிடம் தயங்கிய பின் ஒரு படம் எடுத்தார். இன்னும் சற்று நெருங்கி மற்றொன்று எடுக்கையில் கண்ணீரால் காமிராவின் கண்ணாடி மங்கித் தெரிந்ததாகப் பின்னாளில் கூறினார். எரிந்துபோன டிராம் வண்டி ஒன்றினுள் பலர் இறந்துகிடக்கக் கண்டு, படியில் கால் வைத்துக் காமிராவைச் சரிசெய்தவர், அவர்கள் மீதிருந்த இரக்கத்தால் எடுக்காமலே இறங்கிவிட்டார். இருபத்து நான்கு படங்களுக்குப் பிலிம் இருந்தும் அந்நாளிலிருந்து நமக்குக் கிடைத்தவை ஐந்தே. அன்று அந்நகர மக்கள் பட்ட பாட்டை, அவர்களிடையே நின்று காட்டும் படங்கள் இவையே. ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது படங்களை விரும்பியிருப்பர். எடுக்க மறுத்த அந்த விரலை நாம் குறைகூற மாட்டோம்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9-ஆம் நாள் காலை 11.02 மணிக்கு நாகசாகி. அந்நகரின் உரக்காமிப் பகுதி, தலைமுறை தலைமுறையாக மறைவில் விசுவாசத்தைக் காத்த கத்தோலிக்கரின் ஊர். தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்திருந்த மக்களும், கேட்டுக்கொண்டிருந்த குருக்கள் இருவரும் பேராலயத்துக்குள்ளேயே இறந்தனர். உரக்காமிக் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேருள் 8,500 பேர் மாண்டதாகக் கணக்கிட்டுள்ளனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானில் இறங்கிய அமெரிக்கப் படையின் படக்காரர் ஜோ ஓடானல், பிணங்களை எரிக்கும் ஓரிடத்துக்கு வந்த சிறுவன் ஒருவனைக் கண்டார். வயது பத்து இருக்கும், வெறுங்கால், முதுகில் கட்டிய குழந்தையின் தலை பின்புறம் சாய்ந்திருந்தது. உறங்குகிறது என்றே அவர் எண்ணினார். சிறுவன் போர்வீரனைப் போல் விறைப்பாக நின்றான். வெள்ளை முகமூடி அணிந்த ஆட்கள் வந்து கட்டை அவிழ்த்துக் குழந்தையை நெருப்பில் இட்டபோதுதான் அது இறந்த குழந்தை என்பது தெரிந்தது. கீழுதட்டை இரத்தம் கசியும்படி கடித்துக்கொண்டு சற்று நேரம் நெருப்பையே பார்த்திருந்த சிறுவன், திரும்பி ஒரு சொல்லும் பேசாமல் நடந்து போனான். ஓடானல் தம் சொந்தக் காமிராவில் எடுத்த படங்களை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறக்கவேயில்லை.

2017-ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தந்தை பிரான்சிஸ் இப்படத்தைச் சிறு அட்டையில் அச்சிடச் செய்து, 'போரின் கனி' என்ற பொருள்படும் சொற்களைச் சேர்த்துக் கையொப்பமிட்டார். மறு மாதம் சிலி நாட்டுக்குப் பறந்த விமானத்தில் உடன்வந்த செய்தியாளர்களுக்குத் தம் கையாலேயே வழங்கினார். சிறுவனின் பெயரோ, அவன் பின்னர் என்ன ஆனான் என்பதோ ஜப்பானில் பலர் தேடியும் கிடைக்கவில்லை.

வியட்நாம் போரில் இரு படங்கள் மற்றெல்லாவற்றையும் மிஞ்சி நிற்கின்றன. 1968 பெப்ரவரி முதல் நாள் சைகோன் தெருவில், கைகள் கட்டப்பட்ட ஒருவரைக் காவல்துறைத் தளபதி நுயென் நாக் லோவான் தலையில் சுட்ட கணத்தை எட்டி ஆடம்ஸ் படமாக்கினார். அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் அப்படத்தால் தளபதியின் வாழ்வு சிதைந்துவிட்டதென ஆடம்ஸ் பிற்காலத்தில் வருந்தினார். 1998-இல் லோவான் மறைந்தபோது, படங்கள் பாதி உண்மையையே சொல்லும் என்று எழுதினார். அமெரிக்காவில் சிற்றுண்டிக்கடை நடத்திப் பிழைத்த அம்முதியவரின் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கைகள் கட்டப்பட்டு நின்றவருக்கும் பெயர் உண்டு என்பதை எழுதுவோர் குறைவு. அவர் வியட்காங் படையைச் சேர்ந்த நுயென் வான் லெம். விசாரணையின்றிக் கொல்லப்பட்டவர்.

மற்றது, 1972 ஜூன் 8-ஆம் நாள் டிராங் பாங் என்னும் ஊரில் எடுத்த படம். சைகோனிலிருந்து வடமேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சிறுவர்கள் அலறிக்கொண்டு ஓடி வருகின்றனர். நடுவே ஆடையின்றி, இரு கைகளையும் விரித்தபடி ஒன்பது வயதுக் கிம் புக். அமெரிக்கர் போட்ட குண்டு என்றே பலர் இன்றும் சொல்வர். குண்டை வீசியது தென் வியட்நாமின் விமானம். தம் தரப்பு மக்கள் தங்கியிருந்த கோயிலின் அருகேயே தவறாக வீசினர். நாபாம் என்பது கூழ்போலக் கெட்டியாக்கிய பெட்ரோல். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். சிறுமியின் ஆடை எரிந்துபோயிற்று. அவளுடைய உறவுக் குழந்தைகள் இருவர் உயிரிழந்தனர்.

படத்தில் அவள் உடலில் காயம் தெரியவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. எரிந்தவை அவள் முதுகும் இடக்கையும். அவள் ஓடிவந்து கடந்து சென்ற பிறகே, படக்காரராகிய நிக் உட் அவளது முதுகைக் கண்டார். வயது இருபத்தொன்று, அவருடைய தமையனும் அதே அசோசியேட்டட் பிரஸ்ஸில் படக்காரராயிருந்து 1965-இல் போரில் இறந்தவர். அவர் காமிராவை வைத்துவிட்டு, தம் வண்டியில் குழந்தைகளை ஏற்றிக் கூச்சி ஊரின் மருத்துவமனைக்கு விரைந்தார். அங்கே கைவிரித்தபோது, பத்திரிகையாளர் அட்டையைக் காட்டி வற்புறுத்திச் சேர்த்தார். அதன் பின்னரே பிலிமைக் கழுவப் போனார். ஆடையற்ற சிறுமியின் படத்தை அனுப்பலாமா என்று அலுவலகத்தில் எழுந்த தயக்கத்தை மூத்த ஆசிரியர் ஹார்ஸ்ட் பாஸ் தள்ளிவிட்டு அனுப்பவைத்தார். வெளியான படத்தில் வலப்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. முழுப் படத்தில் அங்கே ஒருவர் குனிந்து தம் காமிராவைக் கவனித்துக்கொண்டு நிற்கிறார்!

இப்படத்தை எடுத்தவர் யார் என்பதிலும் 2025-இல் வழக்கு எழுந்தது. எடுத்தவர் வேறொரு வியட்நாமியர் என்று ஓர் ஆவணப்படம் வாதிட்டது. 'உலகப் பத்திரிகைப் படம்' என்னும் அமைப்பு நிக் உட்டின் பெயரை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமோ விசாரித்துவிட்டு, மாற்றுவதற்குப் போதிய சான்றில்லை என்று அவர் பெயரையே வைத்துக்கொண்டது. கிம் புக், நிக் உட்டின் பக்கமே நிற்கிறார்.

பதினான்கு மாத மருத்துவமனை வாழ்வும், மொத்தம் பதினேழு அறுவைச் சிகிச்சைகளும் கடந்து அவர் பிழைத்தார். மருத்துவம் படிக்க விரும்பியவரை, போருக்குப் பின் வந்த அரசு விளம்பரக் காட்சிப்பொருளாக்கிப் படிப்பைக் குலைத்தது. காவோ தாய் சமயத்தில் வளர்ந்த கிம், வாழ்வே வெறுத்திருந்த நாட்களில் புதிய ஏற்பாட்டைப் படித்து 1982-இல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். கியூபாவுக்குக் கல்விக்காகச் சென்றவிடத்தில் மணம் புரிந்து, 1992-இல் தேனிலவு முடிந்து திரும்பும் வழியில் விமானம் எரிபொருளுக்காகக் கனடாவில் நின்றபோது கணவரோடு இறங்கி அடைக்கலம் கேட்டார். 1996-இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரின் முன் திரண்டிருந்த முன்னாள் படைவீரர்களிடம், குண்டு வீசியவரை நேரில் கண்டால் மன்னிப்பதாக அறிவித்தார். மன்னிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

2022 மே 11-ஆம் நாள் உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் கிம் புக்கும் நிக் உட்டும் சேர்ந்து திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்து, அப்படத்தின் பிரதி ஒன்றை அளித்தனர். அடுத்த மாதம் அவர் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்றார். தழும்பேறி இறுகிய தோலைத் தளர்த்தி வலியைக் குறைக்க 2015-இல் தொடங்கிய லேசர் சிகிச்சையின் கடைசிச் சுற்று அங்கே நடைபெற்றது. மருத்துவர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சியது, ஐம்பது ஆண்டுகளாக அந்தப் படத்தில் நமக்குத் தெரியாமலே இருந்த அதே முதுகின் மீது.